டஸ்டர் விட்டுச்செல்லும் ஸ்தானம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்குச் சற்று முன்பாக, இருங்காட்டுக்கோட்டை என்ற ஒரே ஊரில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும் ஹூண்டாய் தொழிற்சாலையும் அமைந்திருப்பது தற்செயலாக நேர்ந்த அயல்வாசமே என்றாலும், முன்னதில் கற்ற பாடத்தைப் பின்னதைப் போன்ற ஆலைகளில் உருவாகும் வண்டிகளை வாங்கும்போது பிரயோகிக்கலாமே என்ற எண்ணத்தை அது எனக்குள் எப்போதும் எழுப்புகிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்திலிருந்தே இந்த விளையாட்டைத் தொடர்ந்து கவனித்து வருகிறவர்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. நேர்ப்பாதையின் முடிவில் ஒரு கார் எட்டுகிற உச்ச வேகத்தைக் காட்டிலும், வளைவில் வேகம் தணிந்து மீண்டும் நிமிர்ந்து வெளியேறுகிற அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அதன் யந்திரம் எவ்வளவு தயக்கமின்றி உழைக்கிறது என்பதே சுற்று நேரத்தைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. குடும்பத்துக்காக ஒரு நடுத்தர எஸ்யுவி வாங்கப் புறப்படுகிறவர் கையில் இருக்க வேண்டிய அளவுகோலும் இதுதான். ஆனால் ஷோரூமில் முதலில் காட்டப்படுவது கண்ணாடிக் கூரையும் அகலமான திரையுமே ஆகையால், யந்திரத்தைப் பற்றிய பேச்சு கடைசியில், அதுவும் உச்ச குதிரைச் சக்தி என்ற ஒரே எண்ணோடு, முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்வி இப்போது நமது வீடுகளில் விசேஷமாக எழுவதற்குக் காரணம் உண்டு. 2012 ஜூலையில் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டர், ஒரகடம் ஆலையில் உருவாகி, பெரிய ஜீப்பின் பருமனும் இல்லாமல் சிறிய காரின் மென்மையும் இல்லாமல் இடைநின்ற ஒரு வகைக்கு இந்நாட்டில் வழி திறந்துவிட்ட வண்டி. பத்து ஆண்டுகள் ஓடி 2022-இல் அதன் உற்பத்தி நின்றது. அன்று ஆசையோடு வாங்கிய டீசல் டஸ்டர்கள் இன்று மூப்படைந்து, கிளட்ச், டர்போ, சஸ்பென்ஷன் புஷ் என்று ஒவ்வொன்றாகச் செலவு வைத்து, பதினைந்தாம் ஆண்டில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய தவணையையும் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்களுக்காகவே இந்த அலசலை எழுதுகிறேன். அதே பெயரைத் தாங்கி வரும் புதிய தலைமுறை டஸ்டரில் டீசல் யந்திரம் இல்லை. அன்றியும், சில மழைக்காலங்களேனும் நமது சாலைகளில் ஓடிக் காட்டிய வண்டிகளையே ஒப்பிடுவது நியாயம் என்று கருதி, அதை இங்கே சேர்க்கவில்லை.

பழைய டஸ்டரின் ஆட்டத்தை முதலில் நேர்மையாக மதிப்பிட வேண்டும். 1461 சி.சி. கொள்ளளவும் 110 குதிரைச் சக்தியும் கொண்ட அதன் டீசல் யந்திரம், நிமிடத்துக்கு 2250 சுழற்சிகளில் 248 நியூட்டன் மீட்டர் டார்க்கை (முறுக்குவிசையை) அளித்தது. அந்தச் சுழற்சிக்குக் கீழே, குறிப்பாக 2000-க்கும் குறைவாக, டர்போ விழித்தெழுவதற்குள் அது அயர்ந்து நிற்கும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இரண்டாவது கியரில் திரும்பிய எவரும் அந்த அயர்ச்சியை அறிவர். ஆயினும் அந்த எல்லையைக் கடந்தவுடன், ஐந்து பேரையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு, நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்கு அது பாய்ந்து சென்று லாரியைக் கடந்த விதமும், குண்டும் குழியுமான சாலையில் உடல் குலுங்காமல் அதன் சஸ்பென்ஷன் அதிர்ச்சிகளை விழுங்கிய விதமும், அதற்குப் பின் வந்த எத்தனையோ வண்டிகளுக்கு எட்டாத சிறப்புகள். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 205 மில்லிமீட்டர் இடைவெளி இருந்ததால், வெள்ளம் வடிந்த தெருக்களிலும் அது தயங்கவில்லை.

இந்த மதிப்பீட்டை வற்புறுத்துவதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. சஸ்பென்ஷனின் டேம்பர்களும் ரப்பர் இணைப்புகளும் ஒரே நாளில் தேய்ந்துபோவதில்லை; சிறுகச் சிறுக அவை தளர்வதால், அந்தத் தளர்ச்சிக்கு ஓட்டுகிறவரும் தம்மையறியாமல் பழகிப்போகிறார். அந்த நிலையில் புதிய வண்டி எதில் ஏறி உட்கார்ந்தாலும் அது உன்னதமாகவே தோன்றும். ஓய்வுபெறும் மூத்த ஆட்டக்காரர் தமது கடைசிப் பருவத்தில் எடுத்த சொற்ப ஓட்டங்களைக் கொண்டு அவருக்குப் பதிலாக வருகிறவரை அளக்கும் தேர்வுக்குழு எவ்வளவு பிழையான முடிவுக்கு வருமோ, அவ்வளவு பிழையான முடிவுக்கே நாமும் வருவோம். ஆகையால் புதிய வண்டியை, 2014-இல் இருந்த டஸ்டரோடு ஒப்பிட வேண்டும்; இன்றைய டஸ்டரோடு அல்ல.

ஆட்டத்திறனுக்கு முன்பாகவே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் உயிர்ப் பாதுகாப்பு; இதில் பழைய வண்டியின் மீதுள்ள பாசம் நம் கண்ணை மறைக்கக் கூடாது. 2017-இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் பரீட்சையில், ஏர்பேக் இல்லாத டஸ்டர் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஓட்டுனருக்கு மட்டும் ஏர்பேக் வைத்த டஸ்டர் மூன்று நட்சத்திரம் பெற்றது. 2022 ஏப்ரலில் வெளியான முடிவில் ஹூண்டாய் கிரெட்டாவும் மூன்று நட்சத்திரங்களோடு நின்றதோடு, அதன் உடற்கூடு ஸ்திரமற்றது என்ற குறிப்பையும் பெற்றது. 2020-இல் கியா செல்டோஸுக்கும் அதே கதிதான். இதற்கு மாறாக, 2022 அக்டோபரில், முன்னைவிடக் கடுமையாக்கப்பட்ட விதிகளின் கீழ், ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வேகன் டைகுனும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்தைந்து நட்சத்திரங்களை ஈட்டின. 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பகுதியின் 40 சதவீதம் மோதும்போது கூடு மடங்கிவிடுமானால், அதற்குள் ஆறு ஏர்பேக் விரிந்தும் பயன் குறைவே. கிரெட்டா 2024 ஜனவரியில் புதிய தோற்றத்தில் வந்திருக்கிறது; ஆகவே எந்த வண்டியானாலும், 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் என்ற நமது நாட்டு மோதல் பரீட்சை அதற்கு என்ன மதிப்பெண் அளித்திருக்கிறது என்பதை வாங்கும் நாளன்று பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது உசிதம். பரீட்சைக்கே வராத வண்டிக்குச் சந்தேகத்தின் பலனை அளிக்க எனக்கு மனமில்லை; குடும்பம் பிரயாணம் செய்யும் பொருள் அது.

இனி யந்திரங்களுக்கு வருவோம். அலசலின் சாரம் இங்கேதான் இருக்கிறது. கிரெட்டாவின் சாதாரண ஒன்றரை லிட்டர் பெட்ரோல் யந்திரம் 115 குதிரைச் சக்தி தருவதாக ஏட்டில் படிக்கிறவர், 110 தந்த தமது டஸ்டரைவிட இது வலியது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அதன் டார்க் 144 நியூட்டன் மீட்டர். அதுவும் 4500 சுழற்சியில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. ஹோண்டா எலிவேட்டின் 121 குதிரைச் சக்தியும் அவ்வாறே 4300 சுழற்சியில் 145 நியூட்டன் மீட்டரோடு நின்றுவிடுகிறது. டீசலுக்குப் பழகிய கால், அரை அழுத்தத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்த்த உந்துதலைப் பெறாமல், ஆக்ஸிலரேட்டரைத் தரைமட்டம் அழுத்தி, யந்திரம் அலறுவதைக் கேட்டுக்கொண்டு, எதிரே வரும் பேருந்தின் தூரத்தைக் கணக்கிட வேண்டியிருக்கும். எலிவேட்டின் நிதானமும், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும், 458 லிட்டர் டிக்கியும் போற்றத்தக்கவை. தனியாகவோ இருவராகவோ நகரத்துக்குள் செல்கிறவர்களுக்கு அது நல்ல துணைவன். ஐவரோடு மலை ஏறுவதற்கு அல்ல.

குஷாக், டைகுன் ஆகிய இரட்டையரின் ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல் யந்திரம் 150 குதிரைச் சக்தியும் 250 நியூட்டன் மீட்டரும் உடையது. இந்த 250 என்ற எண் டஸ்டரின் 248-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் அது கிடைக்கும் இடத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது. 1600 சுழற்சியில் முழு டார்க்கும் வந்துவிட்டு, 3500 வரை ஒரே சமமாக நீடிக்கிறது. அதாவது டஸ்டர் அயர்ந்து நின்ற அதே கொண்டை ஊசி வளைவில், அதே இரண்டாவது கியரில், இது ஏற்கெனவே முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும். டஸ்டரின் டீசல் மூச்சு வாங்கத் தொடங்கும் 4000 சுழற்சிக்கு அப்பாலும் இது சளைக்காமல் ஏறிக்கொண்டே போகும். நான் முதலில் குறிப்பிட்ட பந்தயத் தடத்தின் அளவுகோலால் அளந்தால், இந்த வகுப்பில் இதற்குச் சமதையாக நிற்பவற்றில் ஒன்று கிரெட்டாவின் 160 குதிரைச் சக்தி டர்போ பெட்ரோல். அது 253 நியூட்டன் மீட்டரை 1500-லிருந்து 3500 வரை தருகிறது. கிரெட்டாவின் டீசலோ 1500 முதல் 2750 வரை 250 தருவதால், டஸ்டர்க்காரரின் காலுக்குப் பழக்கத்தை மாற்றவேண்டிய சிரமமே இராது.

அப்படியானால் டீசலையே வாங்கிவிடலாமே என்று கேட்பவர், 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் டீசல் வண்டியின் புகைக்குழாயில் ஒரு கரி வடிகட்டி குடியேறியிருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதில் சேரும் கரியை எரித்துத் தீர்ப்பதற்கு, யந்திரம் நன்றாகச் சூடேறி, இடைவிடாமல் சிறிது நேரம் ஓட வேண்டியிருக்கிறது. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் கரி எரியாமல் சேர்ந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, பணிமனைக்கு அலைய நேரிடும். வாரந்தோறும் வெளியூர் செல்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பெட்ரோலுக்கு மாறுகிறவரும் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்வது நல்லது: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருள்; எத்தனாலின் உஷ்ண சக்தி பெட்ரோலினுடையதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகையால், மைலேஜில் சிறிது குறைவது இயற்கை நியதி.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இறக்கத்தை மறப்பது முறையல்ல. மலைப்பாதையில் அபாயம் பெரும்பாலும் இறங்கும்போதே நேர்கிறது. டஸ்டரை இரண்டாவது கியரில் விட்டுவிட்டு, யந்திரமே வேகத்தைப் பிடித்து நிறுத்த, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கிப் பழகியவர்கள், ஆட்டோமேட்டிக் வண்டியில் அதே வேலையைச் செய்ய முடிகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். கியர்ப் படிகள் இல்லாத சி.வி.டி. பெட்டியில் யந்திரத்தின் பிடிமானம் மென்மையாகவே உணரப்படும். உலர்ந்த இரட்டைக் கிளட்ச் உடைய பெட்டி இறக்கத்தில் நன்றாகப் பிடித்தாலும், ஏற்றத்தில் வாகன வரிசை அங்குலம் அங்குலமாக நகரும்போது சூடேறும் சுபாவம் உடையது. அத்தகைய நெரிசலில் ஊர்ந்துகொண்டே இராமல், இடைவெளி விட்டு நின்று பிறகு நகர்வதே அதற்கு ஆரோக்கியம். 2021-இல் குஷாக் வந்தபோது அதன் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கே அளித்திருந்தார்கள். இவ்வளவு பலமுள்ள யந்திரத்தோடு அதைப் பொருத்தியது எனக்கு உடன்பாடில்லை.

மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் பகிர்ந்துகொள்ளும் ஹைப்ரிட், லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்ற அத்தாட்சி எண்ணோடு 2022-இல் வந்தது. மூன்று சிலிண்டர் யந்திரமும் மின்மோட்டாரும் கூடி 116 குதிரைச் சக்தி தருகின்றன. நின்ற நிலையிலிருந்து மோட்டார் உடனே இழுப்பதால், அண்ணாசாலையின் சிக்னல்களுக்கிடையே இதைவிடச் சுகமான வண்டி இந்த வகுப்பில் இல்லை. நீண்ட ஏற்றத்தில் அதன் சிறிய பேட்டரி இறங்கிவிட்டால், பாரம் முழுவதும் அந்த மூன்று சிலிண்டர்களின் தலையில் விழுகிறது. பேட்டரிக்கு இடம் கொடுத்ததால் டிக்கியும் சுருங்கியிருக்கிறது.

பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்க்கும்போது, விற்பனையாளர் அழைத்துச் செல்லும் வழவழப்பான சாலையில் தனியாக ஓட்டித் திருப்தி அடைந்துவிடாமல், வீட்டில் உள்ள ஐவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தும், வேகத்தடையை இரண்டாவது கியரில் கடந்தும், பழுதுபட்ட சாலை ஒன்றில் பெரியவர்களைப் பின் ஆசனத்தில் அமர்த்தியும் பார்க்க வேண்டும். 188 மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் குஷாக்கின் தரை இடைவெளி, ஆட்கள் ஏறாத நிலையில் அளந்தது. ஐவர் ஏறிய பின் அது கணிசமாகத் தணியும். அதன் பின் ஆசனத்தில் மூவர் உட்காருவதும் நெருக்கடிதான். விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுள்ள பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு மேல்வரி நீங்கி ஜி.எஸ்.டி. 40 சதவீதமாகக் குறைந்திருப்பது வாங்குகிறவருக்கு ஆறுதல்.

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்கையில், மாதம் ஒரு முறையேனும் குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்லும், மலைகளை விரும்பும் டஸ்டர்க்காரருக்கு, கூட்டின் உறுதியையும் நடுவேகத்தின் வலிமையையும் ஒருங்கே தரும் ஒன்றரை லிட்டர் குஷாக்கையோ டைகுனையோ முதலிடத்தில் வைக்கிறேன். கையால் மாற்றும் ஆறு கியர்ப் பெட்டியோடு கிடைக்குமானால் அதையே எடுக்கலாம். கிரெட்டா டீசலை இரண்டாவதாக வைக்கிறேன். மோதல் பரீட்சையில் அது புதிதாகத் தேறியிருக்குமானால், பின் ஆசனத்தின் விசாலத்தையும் பணிமனைகள் எங்கும் இருப்பதையும் கருதி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைந்துவிடும். ஓட்டத்தில் பெரும்பகுதி நகரத்துக்குள்ளேயே கழிகிறவருக்கு இந்த வரிசை முற்றிலும் மாறும்: அவருக்கு ஹைப்ரிட் முதலாவது, எலிவேட் இரண்டாவது, டீசலின் பக்கம் அவர் போக வேண்டியதே இல்லை.