துண்டும் பங்கும்: வணிகச் சட்ட ஆய்வு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

சட்ட நூல்களை இலக்கியத் திறனாய்வாளன் வாசிப்பது வரம்பு மீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். எனினும் சட்டமும் சொற்களாலான பனுவலே. அது சொல்லாது விடுவதும் அதன் பொருளுள் அடங்கும். இலங்கையின் வணிகச் சட்ட ஆய்வினை இவ்வகையில் நோக்குதல் பயனுடைத்து.

1861-ஆம் ஆண்டின் கூட்டுப்பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் தொடக்கம் 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வரையிலான வரலாற்றை இத்துறையினர் படிமுறை வளர்ச்சியாகவே எழுதுவர். வரையறுக்கப்பட்ட பொறுப்பு அவ்வரலாற்றின் மையக் கருத்தாகும். கம்பனி முறிந்தாலும் பங்குதாரர் இழப்பது தமது பங்குப் பணத்தை மட்டுமே. எஞ்சிய கடன் அவரைத் தொடர்வதில்லை.

நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ முதலாய மலைச்சரிவுகளிலோ வேறொரு கடன் முறை வழங்கிற்று. தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொணரக் கங்காணி பெற்ற முன்பணம் தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டது. அவர் தோட்டம் மாற வேண்டின், கடன் தீர்க்கப்பட்டால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் அங்கும் தொடரும். 1921-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, மூலதனத்தின் பொறுப்புக்கு எல்லை இருந்தது; உழைப்பின் பொறுப்புக்கு இருக்கவில்லை.

உண்டியலையும் காசோலையையும் விரித்துரைக்கும் வணிகச் சட்ட நூல்கள் பொதுவாகத் துண்டுக்கு இடமளிப்பதில்லை. அது தொழிற் சட்டத்துக்குரியது என்பர். அப்பிரிப்பே ஆய்வுக்குரியது. தோட்ட முதலீட்டின் கூறாயிருந்த முன்பணத்தை நிதியின் வரலாற்றிலிருந்து அகற்றுவது, மூலதனத்துக்கும் உழைப்புக்குமான உறவை மறைக்கும் கருத்துநிலையாகும்.

'ஆள்' எனுஞ் சொல்லும் அத்தகையதே. 1897-இன் சலமன் வழக்கு, கம்பனி தன் பங்குதாரரினின்றும் வேறான சட்டமுறை ஆள் என்பதை உறுதிசெய்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இலண்டனிற் பதிவான கம்பனி இங்கு நிலவுடைமையாளனாயிருக்க, அந்நிலத்திற் பிறந்தவர் பிரசையாகவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோரின் மலையக எழுத்தைத் துயரச் சித்திரமாக மட்டும் பாராட்டும் நம் திறனாய்வும் இவ்விடத்துக் குறையுடையதே. அவ்வெழுத்து, கம்பனிப் பேரேடு எழுதாத கணக்குமாகும்.

1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 51 சதவீதப் பங்குகள் விற்கப்பட்டபோது, 10 சதவீதம் ஊழியருக்கு வழங்கப்பட்டது. துண்டிலிருந்து பங்குக்கு உயர்ந்தனர் என மகிழலாமா? சிதறிய சிறுபங்கு அதிகாரமாவதில்லை. 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதை எதிர்த்துப் பெருந்தோட்டக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றஞ் சென்றன. பங்கை விற்காது வைத்திருந்த தொழிலாளி, தன் கூலியுயர்வுக்கு எதிரான வழக்கிலே தானும் ஒரு சிற்றுடைமையாளனாய் நின்றான்.

பங்கிலாபம் வழங்குமுன் கம்பனி தன் கடன்களைத் தீர்க்கவல்லதா என 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வினவுகிறது. எவை கடன்களாக எண்ணப்படுகின்றன, எவை எண்ணப்படாது விடுபடுகின்றன என வினவுவது ஆய்வாளர் கடனாகும்.