தரவுத்தளக் கருவிகளும் தமிழ் நெடுங்கணக்கும்

தொல்காப்பியர் முதலெழுத்துக்கள் முப்பதையும் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடித்தார். தமிழ் அகராதிகள் அம்முறையைத் தழுவியே சொற்களை நிரல்படுத்துகின்றன. இக்காலத்தே நூற்பட்டியலும் சொல்லடைவும் ஊர்ப்பெயர்த் தொகுதியும் கணினித் தரவுத்தளங்களில் இடம் பெறுகின்றன. அவற்றுள் எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் இரண்டும் மூல நிரல் எவர்க்கும் திறந்திருப்பன, பெருவழக்கின. இவை நெடுங்கணக்கைப் பேணுகின்றனவா என்பதனை விழுப்புரம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வழுதாவூர், வளவனூர் என்பன இம்மாவட்டத்து ஊர்கள். ழகரம் ளகரத்திற்கு முற்பட்டதாதலின் வழுதாவூரே முன் நிற்றல் வேண்டும். எஸ்கியூலைட்டோ, இயல்பு நிலையில், வளவனூரை முன் வைக்கின்றது. எழுத்துக்களின் ஒருங்குறி எண்ணையே அது ஒப்பிடுதல் இதற்குக் காரணம். 1991இல் வெளிவந்த ஒருங்குறி, தமிழெழுத்துக்களை இந்திய மொழிகட்குரிய பொதுக்குறியீட்டைத் தழுவி அடுக்கியது. அதனால் னகரம் நகரத்தையும் றகரம் ரகரத்தையும் அடுத்தன. ளகரம் ழகரத்தை முந்தியது. மேலும், புள்ளிக்குரிய எண் பிற எழுத்தெண்களினும் பெரிதாதலின், ‘பக்கம்’ என்னும் சொல் ‘பகல்’ என்பதற்குப் பின் தள்ளப்படுகின்றது.

மாவட்டத்தின் 9 வட்டப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதிப்பார்க்கு இக்குறை புலப்படாது. அவை இரு முறையிலும் ஒன்றுபோலவே நிற்கும். சோதனைச் சொற்களைத் தெரிந்தெடுத்தற்கு மொழியறிவு வேண்டும் என்பது இதனால் தெள்ளிதின் விளங்கும்.

தேடலிற் காணும் குறை இதனினும் பெரிது. எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்னும் தேடற்கருவி, இயல்பு நிலையில், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளாது இடைவெளியாகவே கொள்கின்றது. திண்டிவனம் என்னும் ஒரு சொல் அதன் நோக்கில் த, ண, ட, வனம என நான்காய்ச் சிதைகின்றது. ‘வீடு’ என்று தேடுவார்க்கு ‘வாடை’யும் அகப்படுகின்றது, இரண்டும் வ, ட என்றே எஞ்சுதலின்.

இவற்றிற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஐசியு என்னும் திறந்த மூல நிரல்தொகுதி தமிழ் அகரவரிசை விதியைத் தன்னகத்தே கொண்டது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதனை ஏற்றது. எஸ்கியூலைட்டிற்கும் அதற்கான செருகுநிரல் உண்டு. ஆயின் அதனைத் தனியே ஆக்கி இணைத்தல் வேண்டும். தேடற்கருவியிலும் குறிகளைச் சொல்லுறுப்பாகக் கொள்ளுமாறு பணிக்கலாம். அமைத்த பின்னரும் காவல் வேண்டும். ஐசியுவின் பதிப்பு மாறி வரிசை விதி திருத்தமுறின், பழைய விதிப்படி அமைந்த சுட்டுப்பட்டியல் பிழைபடும். அதனைப் புதிதாக ஆக்குதல் வேண்டும்.

கருவி செய்தாரை மட்டும் குறை கூறுதல் நேரிதன்று. தமிழறியாத நிரலர் தமிழ் நெடுங்கணக்கை அறிதல் எங்ஙனம்? திறந்த மூலம் என்பது திருத்தும் உரிமையை நமக்கும் தருகின்றது. விழுப்புரத்துக் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கட்டற்ற மென்பொருளைச் சிற்றூர் மாணவர்க்குக் கற்பித்து வந்துள்ளனர். அத்தகையோர் நிரல் அறிவர். தமிழ்த் துறையினர் எழுத்திலக்கணம் அறிவர். இரு சாராரும் கூடிச் சோதனைச் சொற்பட்டியல் ஒன்று வகுத்து, ஒவ்வொரு புதிய பதிப்பையும் அதனால் உரைத்துப் பார்த்தல் கடனாம். அதுகாறும், அகராதியில் முன்னிற்கும் வழுதாவூர் கணினியிற் பின்னிற்றலைக் கண்டும் வாளா இருத்தல் நம் பிழையே ஆகும்.