இரவல் கை

பருவத் தேர்வு நாள்களில் கல்லூரிகள் சிலவற்றில் ஒரு சிறிய அறை தனியாக ஒதுக்கப்படும். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு கண்காணிப்பாளர். ஒருவர் வினாவை வாசிப்பார். மற்றவர் கேட்டு, யோசித்து, விடையைச் சொல்வார். வாசித்தவரே அதை விடைத்தாளில் எழுதுவார். எழுதுகிறவருக்கு அரசு ஆவணங்களில் 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். மாணவர்களின் பேச்சில் அவர் 'ஸ்கிரைப்'. பார்வையற்றவர்களும், கைகள் இயங்காதவர்களும், மூளை முடக்குவாதம் உள்ளவர்களும் இந்தியாவில் பட்டம் பெறுவதற்கு நெடுங்காலமாக இருந்துவரும் முதன்மையான வழி இதுதான். இரவல் கையால் எழுதப்பட்ட அந்த விடைத்தாள்கள் ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் வங்கி அலுவலர்களையும் உருவாக்கியிருக்கின்றன. ஆகவே இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல வருபவர் முதலில் அது செய்த நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மூன்று மணி நேரத்துக்குக் கிடைக்கும் ஓர் எழுத்தரைக் காட்டி, மூன்று ஆண்டுப் படிப்புக்கான கடமை தீர்ந்துவிட்டதாகப் பல்கலைக்கழகங்கள் கணக்கு முடித்துக்கொள்வதை ஒப்புக்கொள்ள முடியாது.

நன்மையிலிருந்தே தொடங்கலாம். 2006-ல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-ல் உறுதிசெய்தது. அதைத் தொடர்ந்து வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டையும் வைத்தது. அதைவிட ஆழமான மாற்றம் 'நியாயமான வசதி' என்ற கருத்தில் இருக்கிறது. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையைத் துய்ப்பதற்கு வேண்டிய மாற்றத்தை, அளவுமீறிய சுமை ஆகாத வரையில், நிறுவனம் செய்துதர வேண்டும். மறுத்தால் அதுவே பாகுபாடு என்கிறது சட்டம். அதன் 17-ஆம் பிரிவு, கூடுதல் நேரத்தையும் சொல்வதை எழுதுபவரையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. முன்பு கல்லூரி முதல்வரின் மனமிரங்கலைப் பொறுத்திருந்தது, இப்போது கேட்டு வாங்கக்கூடிய உரிமை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் அதற்கு உருவம் கொடுத்தன: தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் ஈட்டுநேரம், எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்தித்துப் பொருத்தம் பார்க்கும் வாய்ப்பு.

ஆனால் உரிமை தாளில் வந்த பிறகும் அது யாருக்கு என்ற கேள்வி தீரவில்லை. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் 'ரைட்டர்ஸ் கிராம்ப்' உள்ள ஒரு மருத்துவப் பட்டதாரி குடிமைப் பணித் தேர்வுக்கு எழுதுபவரைக் கேட்டபோது, விதியில் சொன்ன வகைகளுக்குள் வரவில்லை என்று மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 40 விழுக்காட்டுக் குறைபாடு என்ற வரம்பு இடஒதுக்கீட்டுக்கானது, எழுத முடியாதவருக்கு உதவி தருவதற்கு அதை முன்நிபந்தனை ஆக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்கான தனி நெறிமுறை 2022 ஆகஸ்டில் வந்தது. அதே 2021-இன் நவம்பரில் இன்னொரு வழக்கு முடிவுக்கு வந்தது. டிஸ்கிராஃபியா என்னும் எழுதுதல் குறைபாடு கொண்ட ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் தரவேண்டிய கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படவில்லை. அது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை, இழப்பைச் சரிசெய்யும் வழியை யோசிக்கும்படி தேர்வு முகமையைப் பணித்தது. தேர்வறையில் தவறிய ஒரு மணி நேரத்தை எந்தத் தீர்ப்பாலும் முழுதாகத் திருப்பித்தர முடியாது என்பதை இவ்வழக்கு காட்டியது. உதவி முழுவதையும் தேர்வு நாளில் கொண்டுபோய்க் குவிப்பதில் உள்ள ஆபத்தும் இதுவே.

உதவி சரியாகக் கிடைத்துவிட்டால் சிக்கல் முடிந்ததா என்றால், இல்லை. தனியறையில் எழுதப்படும் விடைத்தாளில் இரண்டு பேரின் திறமை கலந்திருக்கிறது. மதிப்பெண் ஒருவருக்குப் போகிறது. தமிழ் இலக்கிய மாணவர் 'மறம்' என்று சொல்கிறார், எழுதுபவர் 'மரம்' என்று எழுதுகிறார். ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகாமலும், ழகரம் வரவேண்டிய இடத்தில் ளகரமும் விழுந்தால் அந்தப் பிழை யாருடையது? திருத்துகிற ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை. கணிதத்தில் நிலைமை இன்னும் மோசம். 'எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு' என்று மாணவர் சொன்னால், எக்ஸையும் ஒன்றையும் கூட்டி இரண்டால் வகுப்பதா, ஒன்றை மட்டும் வகுத்துவிட்டு எக்ஸுடன் சேர்ப்பதா? குறியீடுகளில் பழகியவர் மட்டுமே திருப்பிக் கேட்பார். இவற்றுக்கும் மேலே, எழுதுதல் என்பது யோசித்து முடித்ததைப் படியெடுப்பது மட்டும் இல்லை. எழுதியதைப் பார்த்து, அடித்து, மாற்றி, முன்பத்தியைப் பின்னுக்குத் தள்ளித்தான் கட்டுரை உருவாகிறது. சொல்லி எழுதவைக்கிறவர் முழு விடையையும் நினைவில் தாங்கிக்கொண்டே நகர வேண்டும். மணிக்கு 20 நிமிடம் இந்தச் சுமைக்கு ஈடா என்பது பாடத்தைப் பொறுத்தது. எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு என்பது நிர்வாக வசதிக்கு மட்டுமே பொருந்தும்.

எழுதுபவர் எப்படிப்பட்டவராக இருக்கலாம் என்பதில் அரசே தடுமாறியிருக்கிறது. 2013-இன் நெறிமுறைகள், எழுதுபவருக்குக் கல்வித் தகுதி, வயது போன்ற கட்டுப்பாடுகளை வைக்க வேண்டாம், அதற்குப் பதிலாகக் கண்காணிப்பைப் பலப்படுத்துங்கள் என்றன. ஐந்தே ஆண்டில் நிலைப்பாடு தலைகீழானது. தேர்வர் தாமே ஒருவரை அழைத்துவந்தால், அவர் தேர்வரைவிடக் கல்வித் தகுதியில் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று 2018-இன் நெறிமுறைகள் சொல்லின. காப்பியடிப்பு பற்றிய அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அதற்குக் கண்ட மருந்து, எழுதுபவருக்குப் பாடம் தெரியாமல் இருப்பதையே தகுதியாக்கிவிட்டது. சொல்லச் சொல்ல எழுதுவது நம் மரபுக்குப் புதிதில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களைச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். எழுதியவர்கள் யாப்பும் சந்தியும் அறிந்தவர்கள் என்பதால்தான் அவர் வேகத்துக்கு ஏடு ஈடுகொடுத்தது. முதுகலை இயற்பியல் எழுதுகிறவருக்கு அந்தத் துறையின் வாடையே படாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அதைச் சமவாய்ப்பு என்று சொல்வது பொருந்தவில்லை. நேர்மையைக் காக்க ஒலிப்பதிவும் நல்ல கண்காணிப்பாளரும் போதும். அறியாமையைக் காவலுக்கு வைக்க வேண்டியதில்லை.

அந்த ஒருவரைத் தேடும் வேலையும் பெரும்பாலும் மாணவரின் தலையிலேயே விழுகிறது. நண்பர்களுக்கு அதே நாளில் தேர்வு இருக்கும். தகுதி கீழே இருக்க வேண்டும், நேரம் ஒத்துவர வேண்டும், கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும், பயணச் செலவும் பார்க்க வேண்டும். பெருநகரங்களில் தன்னார்வலர் குழுக்கள் உண்டு. சிறு நகரத்துக் கல்லூரிக்கு அவர்கள் எட்டுவதில்லை. படிக்க வேண்டிய கடைசி வாரத்தை ஆள் தேடுவதில் செலவழிப்பவருக்குத் தேர்வறையில் தரும் ஈட்டுநேரம் அந்த வாரத்தை ஈடுசெய்யாது. உரிமை என்று சட்டம் சொன்னதை, நடைமுறை மறுபடியும் பிறர் தயவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. விளைவை எண்ணிக்கை காட்டுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். 2020-21-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் இருந்த சுமார் 4.14 கோடி மாணவர்களில் மாற்றுத்திறனாளிகள் 79 ஆயிரத்துச் சொச்சம் பேர்; ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட நிறையவில்லை. பள்ளியிலேயே பலர் நின்றுவிடுவது இதற்கு ஒரு பெரிய காரணம் என்பது மெய்தான். ஆனால் உள்ளே வந்தவர்களுக்குக் கல்லூரி எப்படி இருக்கிறது என்ற செய்தி பள்ளிக்கும் போய்ச் சேர்கிறது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறை, அது கற்றலின் கடைசிப் படியில் நிற்பது. தேர்வில் எழுத ஆள் தருகிற கல்லூரி, படிக்கப் புத்தகம் தந்ததா? இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-ல் வகுக்கப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகப் பாடநூல்களில் பிரெயிலில் கிடைப்பவை சொற்பம். கணினித் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருள் அந்த இடைவெளியை நிரப்பக்கூடும். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆனால் ஆசிரியர் தரும் குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் மென்பொருள் பொருளற்ற எழுத்துகளை உளறும். புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தால் வாயே திறக்காது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. குறிப்புகளை யூனிகோடில் தட்டச்சு செய்வதற்குத் தனி நிதி தேவையில்லை, வேண்டியது பழக்கம் மட்டுமே. பார்வையற்ற புலவர் அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகில் எழுத்துகளை எழுதிக் கற்பித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அங்கே ஆசிரியர் மாற்றிக்கொண்டது கற்பிக்கும் முறையை. காது கேளாத மாணவரை எடுத்துக்கொண்டால் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும்: அவருக்கு எழுத ஆள் தேவையே இல்லை, வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவை. அதைத் தருவதற்குப் பதிலாக மொழிப் பாடத்திலிருந்து விலக்குத் தருவது, தடையை விட்டுவிட்டுப் படிப்பை நீக்கும் காரியம்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் முதலாவது நியாயம் பற்றியது: கூடுதல் நேரம் கொடுத்தால் யார்தான் கூடுதலாக எழுத மாட்டார்கள்? இது எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வி இல்லை. தேர்வு வசதிகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீபன் சிரேசியும் உடன் ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட கட்டுரை, கூடுதல் நேரத்தால் குறைபாடு இல்லாத மாணவர்களும் பயனடைகிறார்கள் என்றும், குறைபாடு உள்ளவர்களுக்குப் பயன் பெரும்பாலும் அதிகம் என்றும் கண்டது. இதிலிருந்து கூடுதல் நேரம் சலுகை என்ற முடிவுக்கு வருவோர் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. எல்லோருமே நேரம் போதாமல் தவிக்கிறார்கள் என்றால், தேர்வு அறிவோடு சேர்த்து வேகத்தையும் அளந்துகொண்டிருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் கை வேகத்துக்கு மதிப்பெண் உண்டென்று எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை. வினாக்களைக் குறைத்து எல்லோருக்கும் போதிய நேரம் கொடுத்தால், கூடுதல் நேரம் பற்றிய பூசல் பாதி அடங்கிவிடும். அவசர சிகிச்சைப் பயிற்சி போல வேகமே திறமையின் பகுதியாக உள்ள இடங்களில் மட்டும் காலவரம்பைக் கறாராக வைத்துக்கொள்ளலாம். எது பாடத்தின் உயிர், எது தேர்வு நடத்துவதற்காக ஒட்டிக்கொண்ட வழக்கம் என்று ஒவ்வொரு துறையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உயிரானதைத் தளர்த்தக் கூடாது, வழக்கத்தை மாற்றத் தயங்கவும் கூடாது. தரம் தாழ்ந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இதுவே பதில்.

இரண்டாவது வாதம் மோசடி. அது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் 2019-ல் அம்பலமான கல்லூரிச் சேர்க்கை ஊழலில், பணக்காரப் பெற்றோர் சிலர் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று பெற்றுக் கூடுதல் நேரத்தை வாங்கியது தெரியவந்தது. ஆனால் அங்கே ஏமாற்றியவர்கள் சான்றிதழை விலைகொடுத்துப் பெறக்கூடியவர்கள். நடைமுறையைக் கடினமாக்கினால் அவர்கள் இன்னும் கொஞ்சம் செலவழிப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மூன்று முறை பேருந்தில் போய்வர முடியாத மாணவர்தான் வெளியே நிற்பார். மூன்றாவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது: தொழில்நுட்பம் வந்துவிட்டதே, எழுதுபவரை அடியோடு ஒழித்துவிடலாமே என்பது. கணினியில் தாமே தட்டச்சு செய்து எழுதுவதுதான் மேலான வழி. விடை முழுக்க மாணவருடையதாகிவிடுகிறது. 2018-இன் நெறிமுறைகளும் பிரெயில், கணினி, பெரிய எழுத்து, ஒலிப்பதிவு ஆகியவற்றில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்க இயன்றவரை வாய்ப்புத் தரச்சொல்லின. ஆனால் பள்ளியில் கணினியைத் தொட்டுப் பார்க்காமல் வந்தவரிடமும், பார்வையை நடுவயதில் இழந்து படிக்க வந்தவரிடமும் ஒரே நாளில் எழுதுபவரைப் பறித்தால், அதுவும் புதிய தடையே. கணிதக் குறியீடுகளைத் தமிழில் பிசகின்றி வாசிக்கும் கருவி கைக்கு வரும் வரை பல பாடங்களுக்கு ஆள் தேவைப்படும்.

ஆகவே இரவல் கையைத் தூக்கியெறிய வேண்டாம்; அது ஒன்றே வழியென்ற நிலைதான் மாற வேண்டும். எழுதுபவரைத் தேடித்தரும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது: பாடம் அறிந்த, ஊதியம் பெறும், பயிற்சி பெற்றவர்களின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு தேர்வுப் பிரிவிலும் இருக்க வேண்டும். சேர்க்கை நாளிலேயே மாணவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள், எப்படி எழுதுகிறீர்கள்? முதல் பருவத்திலேயே கணினிப் பயிற்சியைத் தொடங்கி, அகமதிப்பீட்டுத் தேர்வுகளை அவர் எழுதிப் பழகும் களமாக்க வேண்டும். ஆசிரியர் குறிப்புகள் யூனிகோடில் வர வேண்டும். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டமே போதும். அந்த இரண்டு கேள்விகளைச் சேர்க்கை விண்ணப்பத்தில் அச்சிடுவதற்கு ஆகும் செலவு இரண்டு வரி மை.