தோலில் எழுதிய சீலம்

பாங்காக்குக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், நக்கோன் பதோம் மாகாணத்தில் இருக்கிறது வாட் பாங் பிரா விகாரை. அங்கே பிக்குகள் நீண்ட ஊசிக்கம்பியால் பச்சை குத்துகிறார்கள். ‘சக் யந்த்’ என்று பெயர். ‘சக்’ என்றால் குத்துதல். ‘யந்த்’, நம் வீட்டு வாசலில் மாட்டும் தகட்டில் இருக்கும் அதே யந்திரம். எழுத்திலும் உறவு உண்டு. பாலி மந்திரங்களை எழுதும் ‘கோம்’ எழுத்து கெமர் வழி வந்தது. கெமர் எழுத்தோ பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது.

வடிவங்களில் என்னை மிகவும் ஈர்ப்பது ‘காவ் யோட்’. பிடரிக்குக் கீழே கோபுரம்போல் எழும் ஒன்பது முனைகள் புத்தரின் ஒன்பது குணங்கள். அரஹம், சம்மாசம்புத்தோ என்று தொடரும் அந்தக் குணப்பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘அ சங் வி சு லோ பு ச பு ப’ என்று மந்திரமாகின்றன. புத்தரின் குணங்களை நினைந்திருப்பது தேரவாத பௌத்தத்தில் ஒரு தியானமுறை. இந்த வடிவம் அத்தியானத்தின் சுருக்கம். குத்திக்கொண்டவனால் தன் முதுகைப் பார்க்க முடியாது. மனத்தில்தான் பார்த்தாக வேண்டும்.

குத்தி முடித்ததும் குரு மந்திரம் ஓதி ஊதுவார். கூடவே நிபந்தனைகளும் வரும்: ஐந்து சீலங்களைக் காக்க வேண்டும், பெற்றோரை இகழக் கூடாது. மீறினால் மை இருக்கும், சக்தி போய்விடும். ஆண்டுதோறும் மார்ச்சில் விகாரையில் நடக்கும் குரு வணக்கத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரும்பி வருவது அந்தச் சக்தியைப் புதுப்பிக்கத்தான். அழியாத மையின் மேல் நிலையாமையை ஏற்றிவைத்த இந்த எண்ணமே இம்முறையின் பெருஞ்சிறப்பு.

ஆனால் குத்திக்கொள்பவர்கள் பலர் கேட்பது வேறு: கத்தி பாயக் கூடாது, குண்டு துளைக்கக் கூடாது. புலி, அனுமன் வடிவங்கள் அதற்காகத்தான். பாலி நூலான தீக நிகாயத்தின் பிரம்மஜால சூத்திரம் மந்திரக் காப்புகளையும் குறிசொல்லுதலையும் பிக்குகளுக்கு ஆகாத இழிகலைகள் என்கிறது. பரித்தம் என்னும் காப்புப் பாடல்களை ஓதுவதும் காப்புதானே என்று வாதிடலாம். பரித்தம் மைத்திரியிலும் சத்தியத்திலும் ஊன்றி நிற்கிறது. புலி கேட்பதோ எதிரியின் அச்சத்தை. இரண்டையும் ஒன்றாக எண்ண என்னால் முடியவில்லை.

ஊசி விஷயத்தில் தயக்கமே வேண்டாம். கிருமி நீக்காமல் ஒரு முதுகிலிருந்து அடுத்த முதுகுக்குப் போகும் ஊசி ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. தொற்றுகளைக் கடத்தக்கூடியது. உயிருக்குத் தீங்கு செய்யாதே என்ற முதல் சீலம் அங்கேயே உடைகிறது.

2003இல் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி இடது தோள்பட்டையில் ஐந்து வரி யந்திரத்தைக் குத்திக்கொண்டார். சக் யந்த்தின் புகழ் உலகெங்கும் பரவியது. மரபைச் சுற்றுலாப் பயணிகள் கெடுத்தார்கள் என்பது பாதி உண்மைதான். சீலத்தை விட்டுவிட்டுச் சக்தியை மட்டும் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு முன்பே இருந்தது.

மைக்குப் பதில் எண்ணெய் தொட்டும் குத்துவார்கள். புண் ஆறியதும் வடிவம் கண்ணுக்குத் தெரியாது. மந்திரமும் நிபந்தனைகளும் அப்படியே இருக்கும். காட்ட ஒன்றுமில்லாத அந்த யந்திரத்தைக் கேட்டுப் பெறுபவர்களிடம்தான் இந்த மரபின் உயிர் இருப்பதாக நான் நம்புகிறேன்.