பத்து வருஷத்துக்குப் பார்க்கவே வேண்டாமாம்

"இந்தச் சருகையெல்லாம் கூட்டித் தள்ளிப்போட்டு வெள்ளைக்கல்லு கொட்டீருங்க சார். கீழ ஒரு ஷீட்டு விரிச்சுட்டாப் போதும். பத்து வருசத்துக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டாமுங்க."

சூலூர்ப் பக்கம் வீடு கட்டி முடித்த கையோடு, முன்பக்கத் தோட்டத்துக்கு விலை பேச வந்தவர் சொன்னது. அவர் மேல் எனக்குக் குறையில்லை; ஆசைப்பட்டது நான்தான். வாசலுக்கு இடப்பக்கம் நூறு சதுர அடிக்குக் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து, மேலே இரண்டு அங்குலத்துக்குக் கல் கொட்டினோம். வலப்பக்கம் பணம் போதாமல் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கத்து வேம்பின் சருகை அங்கேயே ஒதுக்கிவிட்டு, அவ்வப்போது கொஞ்சம் தேங்காய் நாரும் போட்டு வைத்தேன். திட்டமிட்டுச் செய்த சோதனை அல்ல. ஆனால் ஒரே மண், ஒரே வெயில், ஒரே குழாய்த் தண்ணீர். ஒப்பிட இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வறண்ட ஊரில் மண்ணை மூடி வைக்க வேண்டும் என்பதில் கல், சருகு என்ற இரு தரப்புக்கும் சண்டையில்லை. வெற்று மண்ணில் அடியிலுள்ள ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நுண்துளைகள் வழியே மேலே ஏறிக் காற்றோடு போய்விடுகிறது. மேலே கல்லோ சருகோ கிடந்தால் வெயிலும் காற்றும் மண்ணைத் தொடுவதில்லை, திரியும் அறுந்துபோகிறது. எதால் மூடுவது என்பதுதான் வழக்கு.

கல்லின் பக்கத்தை முதலில் நியாயமாகக் கேட்போம். இயற்கை வேளாண்மை பேசுகிற நண்பர்கள் கல் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அது சரியில்லை. கேனரித் தீவுகளில் லான்சரோட்டே என்று ஒரு தீவு. அங்கே 1730 முதல் 1736 வரை எரிமலை வெடித்து விளைநிலங்கள் சாம்பலில் மூழ்கின. கறுப்புச் சாம்பல்கல் படிந்த மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைப்பதைப் பிழைத்தவர்கள் கண்டுகொண்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கல்லுக்குள் குழி பறித்துத் திராட்சைக் கொடி வளர்க்கிறார்கள். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் மழைகூட உறுதியில்லாத இடம் அது. சீனத்தில் லான்ஜோ நகரைச் சுற்றி, வயலில் கூழாங்கல்லும் மணலும் பரப்பித் தர்பூசணி விளைவிக்கும் வழக்கம் சில நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஆக, கல் ஈரத்தைக் காக்கும். அதை மறுப்பவர் மண்ணைப் பார்க்காமல் பேசுகிறார்.

ஆனால் லான்ஜோ வயல்களுக்கு இன்னொரு பாதியும் உண்டு. சில பத்தாண்டுகளில் கல்லுக்கிடையே மண் ஏறி, இரண்டும் கலந்து, வயல் கிழடாகிவிடும். பிறகு கல்லை வாரிச் சலித்துப் புதிதாகப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் வயலைக் கைவிட வேண்டும். கல்லை நம்பிப் பிழைக்கிற ஊரிலேயே கல்லுக்கு ஆயுள் இருக்கிறது. என் வீட்டுக் கல்லுக்கு இரண்டு வருடம்தான்.

நம்மூருக்கு இந்தப் பாணி வந்தது லான்ஜோவிலிருந்து அல்ல, அமெரிக்காவின் மேற்கிலிருந்து. டென்வர் நகரக் குடிநீர் நிறுவனம் 1981-இல் 'ஜெரிஸ்கேப்' என்ற சொல்லை உருவாக்கியது. கிரேக்கத்தில் 'ஜெரோஸ்' என்றால் வறண்டது. தண்ணீர் குடிக்கும் புல்தரையைக் குறைத்து, வறட்சி தாங்கும் செடி வைத்து, மண்ணை மூடு என்பது அதன் சாரம். கேட்டவர்கள் 'ஜீரோஸ்கேப்' என்று எடுத்துக்கொண்டு செடியே இல்லாமல் கல்லைக் கொட்டினார்கள் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி பேசுவதுண்டு. லாஸ் வேகஸில் புல்லைப் பெயர்ப்பவருக்குத் தண்ணீர் வாரியம் மானியம் தருகிறது. பார்வைக்கு மட்டும் வளர்க்கிற புல்லுக்கு, தனிவீடுகள் நீங்கலாக, கொலராடோ ஆற்றுத் தண்ணீர் 2027 முதல் கிடையாது என்று நெவாடா மாநிலம் 2021-இல் சட்டமே போட்டது. ஆனால் அந்த மானியத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: செடிகள் வளர்ந்து முடித்தபின் இடத்தில் பாதியையாவது இலை மூடியிருக்க வேண்டும். வெறும் கல்லுக்குக் காசு இல்லை. படத்தைப் பார்த்துக் கல்லை இறக்கிய நாம் நிபந்தனையை இறக்கவில்லை. லாஸ் வேகஸில் மழை ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர். கோவைப் பக்கம் வறட்சி என்று நாம் புலம்பும் இடத்திலேயே 600-க்கு மேல் பெய்கிறது. இங்கே வேம்பு வளரும், சருகு விழும், ஐப்பசியில் மண் நனையும். அந்த மண்ணைப் பாலைவனமாகப் பாவிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இனி என் இடப்பக்கம். நூறு சதுர அடிக்கு இரண்டு அங்குலக் கல் என்றால் ஏறக்குறைய 17 கன அடி, எடை முக்கால் டன். ஐம்பது கிலோ மூட்டையில் பதினைந்து. இந்த முக்கால் டன் பகல் வெயிலில் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அது பிடித்து வைக்கும் வெப்பம் மூன்று யூனிட் மின்சாரத்துக்கு மேல் வருகிறது. ஆயிரம் வாட் ஹீட்டரை ராத்திரி மூன்று மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே ஓடவிடுகிற கணக்கு. எல்லாமே வீட்டுக்குள் வராது, பெரும்பகுதி வானத்துக்குப் போகும். காய்ந்த வெற்று மண்ணும் சூடாகத்தான் செய்யும். கல் வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அதில் ஒரு பகுதி நம் சுவரிலும் செடியின் அடியிலையிலும் விழும். சித்திரை மாதம் இரவு ஒன்பது மணிக்குக் கல்லில் கை வைத்தால் இளஞ்சூடு இருந்தது. அதே நேரம் வலப்பக்கச் சருகுக்குள் விரலை விட்டேன், ஜில்லென்று இருந்தது. வேருக்கு எது பிடிக்கும் என்று விரலே சொல்லிவிட்டது.

இடப்பக்கம் வரிசையாக வைத்த இட்லிப்பூச் செடிகள் ஒரு வருடத்தில் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் மஞ்சள். இரும்புச்சத்துக் குறைவின் முகம் அதுதான். உரக்கடையில் கேட்டு இரும்பு தெளித்தேன், பதினைந்து நாள் தேறி மறுபடி வெளுத்தது. பிறகு ஒரு நாள் எலுமிச்சம்பழம் பிழிந்த கையோடு கல்லைக் கழுவப் போனபோது சாறு பட்ட இடத்தில் மெல்லிசாக நுரை கட்டியது. கூழாங்கல் என்று நினைத்து வாங்கியது பளிங்குக்கல் சில்லு, சுண்ணாம்பு இனம். நம் வறண்ட மண் பெரும்பாலும் ஏற்கெனவே காரம், அதில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. அதன் தலையில் மழைக்கு மழை கரைகிற சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறேன். இட்லிப்பூ புளிப்பு மண் கேட்கும் செடி. எல்லா வெள்ளைக்கல்லும் இப்படி இல்லை, குவார்ட்ஸ் கூழாங்கல் ஒன்றும் செய்யாது. ஆனால் லாரியில் வருவது எது என்று கடைக்காரருக்கே தெரிவதில்லை. வாங்கும்போது ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுபோவது நல்லது.

கல்லின் பெரிய வாக்குறுதி, பார்க்கவே வேண்டாம் என்பது. மாசி பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கிறது. சிமென்ட் தரையில் விழுந்தால் விளக்குமாறு போதும், மண்ணில் விழுந்தால் அதுவும் வேண்டாம். கல்லில் விழுந்தால்? விளக்குமாற்றைப் போட்டால் கல்லும் சேர்ந்து வருகிறது. என் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "அரிசியில கல்லுப் பொறுக்குனது போயி, கல்லுல எலை பொறுக்க வெச்சுட்டியேடா" என்றார். பொறுக்காமல் விட்டது மக்கியது. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வந்த புழுதி அதன் மேல் படிந்தது. பிளாஸ்டிக்குக்கு மேலேயே மண் உண்டாகி அதில் அருகு முளைத்தது. கோரை அதற்கும் காத்திருக்கவில்லை. ஊசி மாதிரி நுனியால் ஷீட்டைக் குத்திக்கொண்டு கீழேயிருந்தே வந்தது. கல்லுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் களை பிடுங்கிப் பார்த்தவருக்கு வெறும் மண்ணில் களை எடுப்பது சுகம் என்று புரியும்.

ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாய்க்கும் தக்காளிக்கும் உழவர்கள் போடும் மல்ச்சிங் ஷீட் வேறு கதை. அதற்கடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடும், ஒரு பருவம் முடிந்தால் சுருட்டி எடுத்துவிடுவார்கள். வீட்டில் போடுவதை யாரும் எடுப்பதில்லை. ஷீட்டுக்கடியில் மழை இறங்குவதில்லை, மண்புழுவுக்கு வழியில்லை. மூன்றாம் வருடம் நான் கிழித்துப் பார்த்தபோது மண் செங்கல் மாதிரி இறுகி, புளித்த வாடையோடு இருந்தது.

இனிச் சருகைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், ஏனென்றால் அதை ஆதரிப்பவர்கள் அதன் குறைகளைச் சொல்வதே இல்லை. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் மேடைக்கு மேடை சொன்னதால்தான், மண்ணை இப்படி மூடுவதைக் குறிக்கும் மூடாக்கு என்ற சொல் உழவர் அல்லாதவர் காதிலும் விழுந்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் மூடாக்கு என்று எதைப் போட்டாலும் மண் பொன்னாகிவிடும் என்று அவர் பெயரால் பேசுபவர்களை நம்ப முடியாது. பொள்ளாச்சியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் தேங்காய் நார்த்தூளை எடுத்துக்கொள்ளுங்கள். தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் தண்ணீர் குடிக்கும் என்பது உண்மை. பச்சையாக மண்ணோடு கலந்தால் அதில் நைட்ரஜனைவிடக் கரிமம் நூறு மடங்குக்கு மேல் இருப்பதால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும். மேலே பரப்பினால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கலக்காதே, பரப்பு என்பதுதான் முழு ரகசியம். மரத்தூளுக்கும் இதே விதி.

அடுத்த குறை, மழை. சித்திரையில் நாலு மில்லிமீட்டர் தூறினால் மூன்று அங்குலச் சருகு அதைத் தானே குடித்துவிட்டு, மறுநாள் வெயிலுக்குக் கொடுத்துவிடும். மண்ணுக்கு ஒரு சொட்டும் போகாது. ஷீட் இல்லாத கல்லாக இருந்தால் அந்தத் தூறல் நேராக இறங்கியிருக்கும். இந்த ஒரு புள்ளியில் கல் தெளிவாக ஜெயிக்கிறது. சருகை மண் நன்றாக நனைந்தபின் பரப்புவதும், சொட்டுநீர்க் குழாயைச் சருகுக்கு அடியில் விடுவதும் இதற்கு மாற்று. காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறோம்.

கரையான் உண்மையான ஆபத்து. சுவரை ஒட்டிச் சருகு குவிந்தால் கதவு நிலை வரை அதற்குச் சாலை போட்டுக் கொடுத்த மாதிரி. தண்டை ஒட்டிக் குவித்தால் தூர் அழுகும், பப்பாளி முதலில் சாயும்; நாலு விரற்கடை தள்ளித்தான் போட வேண்டும். தென்னை இருக்கும் வீட்டில் மக்கும் குப்பையை அம்பாரமாகக் குவித்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைக்கும். மெல்லிய பரப்பு வேறு, குவியல் வேறு. ஆடியில் வைக்கோல் பறந்து அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால்தான் நான் கனமான நாரைக் கலந்து போட்டேன். தீப்பொறியும் ஒரு கவலை. காட்டுத்தீ மிரட்டும் கலிபோர்னியாவில் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியும் பொருள் கூடாது என்பதற்கு 2020-இல் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இத்தனை குறைக்கும் பதில் இருக்கிறது. ஒரு பழக்கத்துக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை. முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற வீட்டில் சருகு என்றால் அழுக்கு. "பாம்பு வந்துரும்" என்பது அடுத்த வாதம். இரண்டு மூன்று அங்குலச் சருகில் தவளை, பூரான் இருக்கலாம். ஆனால் வறண்ட காட்டின் சுருட்டை விரியன் கல்லுக்கு அடியிலும் பதுங்கும். அலங்காரத்துக்குப் பாறை அடுக்கிய தோட்டத்துக்காரர் சருகைப் பார்த்துப் பயப்படுவது வேடிக்கை. வாசல் நடைபாதையைச் சுத்தமாகப் பெருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. செடியின் காலடி முற்றம் அல்ல.

என் தீர்ப்பு கல்லைத் துரத்தவில்லை, இடம் மாற்றுகிறது. சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்குச் சருகு வேண்டாம், கல் வேண்டும்: கரையானுக்குத் தீனி கிடைக்காது, கூரைத் தண்ணீர் விழுந்து மண் தெறிக்காது. நடைபாதைக்குக் கல். அடீனியம், கற்றாழை, சப்பாத்தி போன்ற, தூரில் ஈரம் பொறுக்காத செடிகளுக்குக் கல், கீழே ஷீட் இல்லாமல். மற்ற இடமெல்லாம், கறிவேப்பிலையும் செம்பருத்தியும் முருங்கையும் நந்தியாவட்டையும் நிற்கும் இடமெல்லாம், சருகுதான். இலை உதிர்க்கும் மரத்தடியில் கல் கூடவே கூடாது. சருகு வருடா வருடம் கரைந்துபோகிறதே, மறுபடி போட வேண்டியிருக்கிறதே என்பது அதன் மேல் சொல்லப்படும் முக்கியப் புகார். கரைந்தது எங்கே போனது? வலப்பக்கம் மண்வெட்டி போட்டால் இப்போது மேல் நாலு விரல் மண் கறுத்துப் பொலபொலவென்று வருகிறது. கல் பத்து வருடம் கழித்தும் கல்லாகவே இருக்கும் என்பதைத்தான் விலை பேச வந்தவர் சிறப்பாகச் சொன்னார். எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது.

போன தை மாதம் இடப்பக்கக் கல்லை வாரினோம். பதினைந்து மூட்டையில் பதினொன்றுதான் தேறியது, மீதி மண்ணுக்குள் போய்விட்டது. தேறியதைக் கழுவிச் சுவரோரம் போட்டாயிற்று. இட்லிப்பூவைப் பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றினேன். காலியான இடத்துக்குச் சருகு போதவில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் காலையில் தன் புங்க மரத்துச் சருகைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்கு வைப்பார்.

"அந்த மூட்டைய வண்டில போட்டுராதீங்கக்கா, எனக்கு வேணும்" என்றேன்.

"அட ஏனுங்க தம்பி, கல்லு வாங்குன மாதிரி இதுக்கும் காசு குடுப்பீங்களா?" என்று சிரித்துவிட்டு, இரண்டு சாக்கையும் எங்கள் கேட்டுப் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.