வீட்டின் உள்வெளி

கட்டடப் பொருளால் செய்த கலைகளில் என்னை விடாமல் பிடித்திருப்பது பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் 1993-இல் கிழக்கு லண்டன் குரோவ் சாலையில் நிறுத்திய ‘ஹவுஸ்’. இடிபடக் காத்திருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து பிறந்தது அது. உள்ளே புது அஸ்திவாரம் போட்டு, சுவர்களின் உட்புறம் கம்பி வலை கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சியடித்தார்கள். இறுகியதும் வெளிச் செங்கல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். அச்சைக் கழற்றி வெல்லத்தை எடுப்பதுபோலத்தான். ஆனால் இங்கே அச்சுதான் வீடு. எடுத்தது, அதற்குள் மனிதர்கள் புழங்கிய காற்று.

புகைப்படங்களை நெருங்கிப் பாருங்கள். சுவருக்குள் குழிந்திருந்த கணப்பு அடுப்பு வெளியே புடைத்து நிற்கிறது. ஜன்னல் சட்டங்கள் இருந்த இடத்தில் வெறும் பள்ளக் கோடுகள். பக்கவாட்டில் படிக்கட்டின் தடம் வளைந்து வளைந்து ஏறுகிறது. யாரோ தினமும் தூங்கப் போன படிகள் அல்லவா! அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்த ஆண்டு பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசு வைட்ரீட்டுக்குக் கிடைத்தது; அதைப் பெற்ற முதல் பெண் அவர். பரிசு அறிவிக்கப்பட்ட அதே நவம்பர் நாளில்தான் உள்ளூர் மன்றம் ‘ஹவுஸை’ இடிக்கவும் முடிவெடுத்தது. 1994 ஜனவரி 11-ஆம் தேதி இயந்திரம் வந்தது. இப்போது அங்கே புல்வெளி.