இளமையின் இனிமையா, இசையின் இனிமையா?

சென்ற பள்ளி விடுமுறையில் எம் தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒன்றுகூடினர். ஐம்பதைக் கடந்தவர்களே மிகுதி. உணவு முடிந்ததும் பாட்டுத் தொடங்கிற்று. 1980ஆம் ஆண்டு முதலாகப் பத்தாண்டுகளில் வெளிவந்த திரைப்பாடல்களே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாடியவர் கண்ணும் கலங்கிற்று. கேட்டவர் கண்ணும் கலங்கிற்று. பின்னர் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தனக்குப் பிடித்த இந்நாளைய பாட்டொன்றைப் பாடினான். "இதுவும் ஒரு பாட்டா?" என்றார் ஒருவர். எல்லாரும் நகைத்தோம், யானும் நகைத்தேன். விடைபெறும் வேளையில் அவன் என்னிடம் வந்து, "ஐயா, உங்கள் பாட்டு ஏன் நல்ல பாட்டு?" என்று கேட்டான். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்த என்னிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண், நினைவையும் பாட்டையும் பிரித்தறிதல் வேண்டும். அந்நாளில் பட்டணத்துக் கடையில் பாடற்பட்டியலைக் கொடுத்து ஒலிநாடாவில் பதிந்து வாங்குவோம். நாடா சிக்கினால் பென்சிலை நுழைத்துச் சுற்றுவோம். லயத்தில் ஒரு வீட்டுப் பாட்டு ஏழு வீட்டுக்குக் கேட்கும். என் தந்தையாரோ இளையராஜாவின் இசையை இரைச்சல் என்றார். விசுவநாதன்-இராமமூர்த்தி இசைக்குச் சௌந்தரராஜன் பாடியதே அவர்க்குப் பாட்டு. பாட்டனார்க்கு அதுவும் பாட்டன்று. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்துப் பாகவதரோடு பாட்டு முடிந்துவிட்டது என்பார். ஒவ்வொரு தலைமுறையும் தன் பதினாறாம் வயதையே இசையின் பொற்காலம் என்கின்றது என்பது இதனால் வெளிப்படை.

மற்றொன்றும் உண்டு. எங்கள் தோட்டம் இன்று இல்லை, துண்டாடப்பட்டு விற்கப்பட்டது. பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. எஞ்சியது பாட்டு ஒன்றே. ஆதலின் அதனைக் கேட்கையில் நாம் அழுவது பாட்டுக்காக மட்டுமன்று, ஊருக்காகவும் ஆம். அவ்வழுகை தவறன்று. ஆயினும், விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாயின் களைப்பை அந்நினைவு மறைத்துவிடுகின்றது. பாட்டு இனித்தது, வாழ்வு அவ்வளவு இனிக்கவில்லை.

இனி, நினைவைக் கழித்தபின் பாட்டில் நிற்பது யாது? மூன்று சிறப்புகளைச் சொல்லலாம்.

ஒன்று, சந்தத்திற்குச் சொல் அமைத்த திறம். மெட்டுக்கு எழுதுவது தாழ்ந்த தொழில் என்பார் உளர். தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுத்தார். அருணகிரியார் சந்தத்தாலேயே உலகை ஆண்டார். அவ்வழியைத் திரையிற் காட்டியது 1980இல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு'. நாயகி சந்தம் தர, நாயகன் சொல் தருவதாக அமைந்த பாட்டு அது. எழுதியவர் கண்ணதாசன், இசை எம்.எஸ்.விசுவநாதன். யாப்பிலக்கணப் பாடம் இதைவிட இனிதாக நடக்குமோ?

இரண்டு, நாட்டுப்புற இசைக்குக் கிட்டிய மதிப்பு. 1976இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜா, 1985இல் 'சிந்து பைரவி'யில் நாட்டுப்பாடலையும் தியாகராசர் கீர்த்தனையையும் ஒரே பாட்டில் இணைத்தார். பாடிய சித்ரா தேசிய விருது பெற்றார். இசையமைப்பிற்கும் தேசிய விருது கிடைத்தது. மக்கட்கு விளங்கும் தமிழில் பாடவேண்டும் என்பது அக்கதையின் உயிர்க்கருத்து. வயலில் பிறந்த மெட்டும் அவையில் அமரத் தக்கது என்பதை எம்போன்ற தோட்டத்துப் பிள்ளைகள் அன்று காதால் கற்றோம்.

மூன்று, ஒலிப்பு. பாலசுப்பிரமணியமும் ஜானகியும் தெலுங்கர். யேசுதாசும் சித்ராவும் மலையாளிகள். பயின்று பாடிய அவர்களின் ழகர, ளகரங்களைத் தமிழராய்ப் பிறந்த எம் மாணவர் பலர் இன்னும் எட்டவில்லை. ஒலிப்பு பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்பதற்கு இந்நால்வரே சான்று.

குறையையும் சொல்லுதல் நடுவுநிலைமை. என் பழைய ஒலிநாடா ஒன்றை மீண்டும் கேட்டேன். பன்னிரண்டு பாடல்கள் இருந்தன. சொல்லும் இசையும் ஒருங்கே நின்றவை நான்கே. ஏனையவற்றுள் சில மெட்டின் இடைவெளியை அடைத்த வெறுஞ்சொற்கள். சிலவற்றில் நெடில் குறிலாய்க் குறுகிற்று. இரண்டை என் மகள் முன்னிலையில் ஒலிக்கவிட நாணினேன். பெண்ணைப் பண்டமாக்கிய பாடல்கள் அவை. பதினாறு வயதில் அவற்றையும் வாய்விட்டுப் பாடியவன்தான் யான். நாற்பது ஆண்டில் பதரைக் காற்று கொண்டுபோயிற்று. மணியை மட்டும் வைத்துக்கொண்டு, அக்காலம் முழுதும் மணியே என்கிறோம். இந்நாளைய பாட்டோ இன்னும் தூற்றப்படாத நெல். அதில் பதர் மிகுதியாய்த் தெரிவதில் வியப்பென்ன?

பள்ளி திறந்ததும் அச்சிறுவனை அழைத்தேன். யான் கண்ட மூன்று சிறப்புகளையும் குறைகளையும் சொன்னேன். "நாங்கள் நகைத்தது தவறு, தம்பி. உன் பாட்டு ஏன் நல்லது? நீ சொல்" என்றேன். சற்று எண்ணியபின், "ஓரிடத்தில் தாளமெல்லாம் நின்றுபோகும், ஐயா. அம்மா என்கிற சொல் மட்டும் தனியாக வரும். அந்த இடத்துக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்" என்றான்.

அன்பர்களே, இதுவன்றோ திறனாய்வு? எப்போது ஓசை அடங்க வேண்டும், எச்சொல் தனித்து நிற்க வேண்டும் என்பதை அவன் செவி அறிந்திருந்தது. அப்பாட்டை மீண்டும் கேட்டேன். ஏனைய அடிகள் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்விடம் பிடித்தது. அவனிடம் அவ்வாறே சொன்னேன்.

ஆசிரியராகிய நாம், நம் பாட்டை உயர்த்துவதற்காக மாணவர் பாட்டைத் தாழ்த்துவோமாயின், அவர்கள் இரண்டையும் நம்மிடம் கொண்டுவாரார். ஏன் நல்லது என்று காரணம் காட்டினால் கேட்பர். காரணம் கேட்டால் சொல்வர். தமிழ்ப்பாட்டு அடுத்த தலைமுறைக்குச் சேரும் வழி இதுவே.